லாரிக்கு ஒரு நியாயம், காருக்கு ஒரு நியாயமா?

"அஞ்சு வருஷத்துல வண்டியக் கை மாத்திரோணுங்க. அதுக்கு மேல வச்சிருந்தா செலவுதான் இழுக்கும்."

சேலம், நாமக்கல் பக்கம் கார் வைத்திருக்கும் எவரும் இந்த அறிவுரைக்குத் தப்பியிருக்க முடியாது. கல்யாண வீட்டில் சொல்வார்கள், பெட்ரோல் பங்க்கில் சொல்வார்கள், சர்வீஸுக்கு விட்ட இடத்திலேயே சொல்வார்கள். 2025 செப்டம்பர் 22-ல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் வலுத்துவிட்டது. ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிற ஏழு வயது வண்டியைப் பார்த்து, "விலை கிடைக்கும்போதே தள்ளி விட்டுருங்க" என்கிறார்கள்.

இந்தக் கருத்து எந்த ஊரில் சொன்னாலும் தவறுதான். நம் ஊரில் சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. காரணம், நம்முடையது வண்டியால் சோறு தின்கிற வட்டாரம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருகிற 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் எந்த டீக்கடையில் நின்றாலும் நாமக்கல்லின் டி.என்.28, திருச்செங்கோட்டின் டி.என்.34, சங்ககிரியின் டி.என்.52 என்று ஏதாவது ஒன்று கண்ணில் படும். சமையல் எரிவாயு டேங்கர் லாரிக்காரர்களின் தென்மண்டலச் சங்கம் நாமக்கல்லில்தான் இருக்கிறது. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வடக்கே எத்தனையோ மாநிலங்களில் போர் போட்டுக்கொண்டிருக்கிறது. பாடி கட்டும் பட்டறை, லேத், ரேடியேட்டர் கடை, டீசல் பம்ப் பார்க்கிறவர், ஸ்பிரிங் பட்டை அடிக்கிறவர் என்று ஒரு வண்டியைச் சாகவிடாமல் வைத்திருக்கத் தேவையான அத்தனை கையும் பத்து மைலுக்குள் கிடைக்கிற ஊர் இது.

இங்கே ஒரு லாரி ஓனர் செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கப் போவதைக் கூட நின்று பாருங்கள். ஆர்.சி.யில் வருஷத்தைப் பார்ப்பார்தான், ஆனால் அதோடு விடமாட்டார். இன்ஜின் சூடாகும் முன்பே, காலையிலேயே போய்விடுவார். ஆயில் குச்சியை உருவி, ஒட்டியிருக்கும் ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவே தேய்ப்பார். மணல் மாதிரி ஏதாவது உறுத்துகிறதா என்று பார்க்கிறார். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடிப்பார். காற்று குபுகுபுவென்று கையைத் தள்ளினால் ரிங் தேய்ந்துவிட்டது, பேரம் அங்கேயே மாறும். பிறகு அடியில் படுத்து, சேஸிஸில் வெல்டு வைத்த தடம் தேடுவார். முன்டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்திருந்தால் ஏன் என்று கேட்காமல் எழுந்து வரமாட்டார். கடைசியாகத்தான் விலை பேசுவார். அந்த வண்டிக்கு 12 வயது இருக்கலாம். ஒழுங்காக வைத்திருந்த கை என்று தெரிந்தால் வாங்குவார், இன்னும் பல வருஷம் ஓட்டுவார், அதில் பிள்ளைகளைப் படிக்கவைப்பார்.

அதே மனிதர் வீட்டுக் காரின் பானட்டைத் திறந்து பார்த்தே மாதக்கணக்காகியிருக்கும். ஆறாவது வருஷம் ஏசி சரியில்லை, ஏழாவது வருஷம் சஸ்பென்ஷனில் சத்தம் என்றதும், "வயசாயிருச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறார். லாரியில் சத்தம் வந்தால் எந்தப் புஷ், எந்த ஜாயிண்ட் என்று தேடுகிறவர், காரில் சத்தம் வந்தால் ஷோரூமைத் தேடுகிறார்.

இதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. மஞ்சள் போர்டு வண்டி எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையும், அதன்பின் வருஷா வருஷமும் எஃப்.சி.க்குப் போக வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டுமே என்ற பயத்திலாவது எல்லாம் சரிபார்க்கப்படும். வெள்ளை போர்டு காரைப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருஷம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. கேட்பாரில்லாத வண்டி சீக்கிரம் கெடத்தான் செய்யும். கெட்டதற்குப் பழி வயதின் மேல் விழுகிறது.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், ஏனென்றால் இந்த அறிவுரை பணத்தின் பேரால்தான் விற்கப்படுகிறது. ஷோரூம் விலை 8 லட்சம் என்று ஒரு காரை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பரில் ஏற்றிய விகிதப்படி, 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுள் வரி 13 சதவீதம். அது 1,04,000 ரூபாய். வங்கிக் கடன் 6 லட்சம், வட்டி 9 சதவீதம், ஐந்து வருஷம் என்றால் வட்டி மட்டும் ஏறக்குறைய 1,47,000. ஐந்து வருஷம் கழித்துப் பாதி விலைக்குப் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அதில் 4 லட்சம் போயிற்று. மொத்தம் 6 லட்சத்து 51 ஆயிரம். வருஷத்துக்கு 1,30,000 ரூபாய். இதில் பெட்ரோல் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, சர்வீஸும் இல்லை. வாங்கி விற்றதற்கு மட்டுமே இவ்வளவு.

இப்போது அதே காரை ஐந்தாம் வருஷம் விற்காமல் வைத்திருப்பவரைப் பாருங்கள். பத்தாம் வருஷம் அது 2 லட்சத்துக்குத்தான் போகும் என்றால் விலை இறக்கம் வருஷத்துக்கு 40,000. வட்டி கிடையாது, ஆயுள் வரி மறுபடி கிடையாது. 1,30,000-க்குச் சமமாக வேண்டுமென்றால் அவர் வருஷா வருஷம் 90,000 ரூபாயை ரிப்பேருக்குக் கொட்ட வேண்டும். நாலு டயர், பேட்டரி, கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன் முழுவதும், ஏசி கம்ப்ரசர் என்று அத்தனையும் ஒரே வருஷத்தில் மாற்றினாலும், நடுத்தர அளவுக் காரில் அந்தத் தொகையை எட்டுவது சிரமம். அடுத்த வருஷமும் அதையெல்லாம் மாற்ற வேண்டியிராது. "பழைய வண்டி செலவு வைக்கும்" என்பவர்கள் மெக்கானிக்கிடம் கொடுக்கும் 20,000 ரூபாயை மட்டும் செலவு என்கிறார்கள். மாதத் தவணையாகப் போவது கணக்கிலேயே வருவதில்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். நம் பக்கத்தில் கார்களைக் கொல்வது எது என்று கேட்டால் என் பதில் தண்ணீர். ஆயிரம் அடிக்குக் கீழே போய் எடுக்கிற போர்த் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது வீட்டுக் குழாய் வாயில் படியும் வெள்ளைத் தடிப்பைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றுகிறோம். "கூலன்ட் எல்லாம் பனி பெய்யிற ஊருக்குங்க, நமக்கு எதுக்கு?" என்று சொல்லியே ஊற்றுகிறோம். கூலன்ட் உறையாமல் காப்பது மட்டும் செய்வதில்லை. அலுமினிய ஹெட்டும் இரும்பும் பித்தளையும் ஒரே நீரில் கிடந்தால் அரிக்கும். அதைத் தடுக்கும் மருந்து கூலன்டில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், மூடியின் அழுத்தத்தோடு சேர்ந்து, 120 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். சித்திரை வெயிலில், 40 டிகிரியில், ஏசியைப் போட்டுக்கொண்டு சேலம் ஐந்து ரோடு நெரிசலில் நிற்கிற வண்டிக்கு அந்த இடைவெளிதான் உயிர். கடின நீர் ஊற்றிய ரேடியேட்டரைக் கழற்றி மேல்தொட்டியைப் பிரித்தால் குழல் வாய்களில் சுண்ணாம்புப் பக்கு அடைத்திருக்கும். வெளியே இருந்து பார்க்க ரேடியேட்டர் நன்றாகத்தான் தெரியும், உள்ளே பாதிக் குழலில் நீர் ஓடாது.

இதன் முடிவு ஒரு நாள் டெம்பரேச்சர் முள் ஏறுவதில் தெரியும். ஓட்டுகிறவர் "இன்னும் நாலு கிலோமீட்டர்தானே" என்று போய்விடுவார். ஹெட் வளைந்துவிடும், கேஸ்கெட் போய்விடும். வண்டியை இறக்கினால் பில் பத்தாயிரங்களில் வரும். அப்போது அந்த வீட்டில் எல்லாரும் சொல்வது: "நான்தான் சொன்னேனே, எட்டு வருஷ வண்டி இனி இப்படித்தான்." எட்டு வருஷத்துக்கும் அந்த ஹெட் வளைந்ததற்கும் சம்பந்தமே இல்லை. புத்தகத்தில் போட்ட கெடுவில் ஓரிரண்டு ஆயிரம் ரூபாய்க்குக் கூலன்ட் மாற்றியிருந்தால் அந்த ஹெட்டை யாரும் தொட்டிருக்க வேண்டியதில்லை.

பிரேக் ஆயிலும் இதே கதைதான். ஆனால் இங்கே பணம் மட்டும் அல்ல, உயிரும் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்தில் மேல் கியரில் விட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தபடியே வருகிறவரின் டிஸ்க் எவ்வளவு சூடாகும்? ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையோடு போகும், வண்டி நிற்காது. தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காமல் லாரி மோதிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் லாரிக்காரரைத் திட்டுகிறோம். டிகாஷன் நிறத்துக்குக் கறுத்துப்போன பிரேக் ஆயிலோடு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்புகிற கார்கள் எத்தனை? இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய சாமான் அது. மாற்றிக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று, ஓடாத வண்டி நல்ல வண்டி என்கிற நம்பிக்கை. "வீட்டுக்கும் கடைக்கும்தாங்க ஓட்டுவோம், எட்டாயிரம்கூட ஓடல" என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இன்ஜின் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலிலேயே தங்கி, நாளடைவில் கசடாகும். அதனால்தான் கையேடுகள் "இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம், எது முந்துகிறதோ" என்று போடுகின்றன. பி.எஸ்.6 டீசல் வண்டியில் இது இன்னும் மோசம். அதன் புகை வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர நெடுஞ்சாலையில் தொடர்ந்த ஓட்டம் வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்கு வடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும், "டீசல் வண்டியே இப்படித்தான்" என்று விற்றுவிடுவார். ராசிபுரம் வரையில் ஒரு ஓட்டம் போய் வந்தால் தீரக்கூடிய விஷயம் அது.

கோழிப்பண்ணைக்கு மண் பாதையில் தினமும் போய் வருகிற காருக்கும் கம்பெனிக் கையேட்டின் சாதாரண அட்டவணை பொருந்தாது. கையேட்டைப் பின்னால் புரட்டினால், தூசி நிறைந்த சாலைக்கென்று தனி அட்டவணை இருக்கும். ஏர் ஃபில்டரை எத்தனை சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று அதில்தான் இருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் அந்த ரப்பர் கிலோமீட்டரால் மட்டுமல்ல, வருஷத்தாலும் சாகும். அறுந்தால் பெரும்பாலான இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். டயரின் பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் தேயவில்லை என்று எட்டு வருஷ டயரில் ஓடுவது இந்த வெயிலில் துணிச்சல் அல்ல, விபரீதம். நமக்கு ஒரு பெரிய சாதகமும் இருக்கிறது. கடற்காற்று கிடையாது, பனிநாடுகள் போல் சாலையில் உப்புத் தூவுவதும் கிடையாது. காரின் உடம்பைத் துரு தின்பது இங்கே மற்ற இடங்களைவிடக் குறைவு. வெயில் கெடுப்பதெல்லாம் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி. எல்லாமே கழற்றி மாற்றக்கூடியவை.

"அந்தக் காலத்து வண்டி உழைச்சுது, இப்ப வர்றதெல்லாம் பிளாஸ்டிக்கும் கம்ப்யூட்டரும்" என்று பெரியவர்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அம்பாசடரை எல்லாரும் உருகி நினைக்கிறோம். அந்த வண்டிக்கு எத்தனை முறை போர் எடுத்தோம், எத்தனை முறை ரிங் மாற்றினோம், கார்பரேட்டரோடும் பாயின்ட்டோடும் எத்தனை காலை மல்லாடினோம் என்பதை மறந்துவிட்டோம். அன்றைய பல வண்டிகளின் ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான் இருந்தது; 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். இன்றைய சாதாரணப் பெட்ரோல் இன்ஜின், ஆயிலும் கூலன்டும் ஒழுங்காகக் கிடைத்தால், ஹெட்டைத் திறக்காமலே இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். நம் ஊர் டாக்சி ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கெட்டிக்கார வண்டி இப்போதுதான் வந்திருக்கிறது, அதைப் போய் இப்போது அவசரமாக விற்கிறோம்.

சட்டத்தைச் சொல்லி மிரட்டுகிறவர்களும் உண்டு. "பதினஞ்சு வருஷமானா கவர்மென்ட்டே எடுத்துக்கும்" என்பது நம் பக்கம் உறுதியாக நம்பப்படுகிற செய்தி. 10 வருஷ டீசல், 15 வருஷப் பெட்ரோல் வண்டிக்கு 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய தடை தில்லி வட்டாரத்துக்கானது. 2023 ஏப்ரல் முதல் 15 வருஷமானதும் பதிவு ரத்தாவது அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு. தாலுகா ஆபீஸ் ஜீப் ஓரங்கட்டப்பட்டதைப் பார்த்துவிட்டு நம் காருக்கும் அதே கதி என்று நினைப்பது தவறு. தமிழ்நாட்டில் தனியார் கார் 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டித் தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகும் புதுப்பிக்கலாம்.

சுற்றுச்சூழலின் பேரால் சொல்லப்படும் வாதத்துக்கு நான் செவி கொடுக்கிறேன். பி.எஸ்.3 காலத்து டீசல் வண்டி, 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டியைவிடப் பல மடங்கு நச்சுப் புகை விடும். அப்படிப்பட்ட வண்டியை நெரிசலான நகரத்தில் தினமும் ஓட்டக் கூடாது என்றால் மறுக்க மாட்டேன். ஏர்பேக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் இல்லாத பழைய வண்டியில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு 44-ஆம் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகக் கூடாது என்றால் அதையும் ஒப்புக்கொள்வேன். ஆனால் இங்கே விற்கச் சொல்லி வற்புறுத்தப்படுவது அந்த வண்டிகள் அல்ல. ஏர்பேக் உள்ள, ஏ.பி.எஸ். உள்ள, 2018, 2019 மாடல் பெட்ரோல் கார்கள். ஒரு புதுக் காருக்கான இரும்பையும் அலுமினியத்தையும் உருக்கி வண்டியாக்குவதற்குள் பல டன் கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. வருஷத்துக்கு ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடுகிற குடும்பம் அதைப் புது இன்ஜினின் மைலேஜில் ஈடுகட்டப் பல்லாண்டுகள் ஆகும். ஐந்து வருஷத்தில் மாற்றுகிறவர் ஈடுகட்டுவதே இல்லை.

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்ததும் பழைய வண்டிக்காரர்களுக்குக் கவலை வந்தது நியாயம். மைலேஜ் கொஞ்சம் குறையும், பழைய ரப்பர் குழாய்களும் கேஸ்கெட்டுகளும் முன்னதாக மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் மத்திய அரசே சொன்னது. அந்தக் குழாயை மாற்றுங்கள். குழாய்க்காக யாராவது காரை மாற்றுவார்களா? "ஸ்பேர் கிடைக்காது" என்பவர்களுக்கும் இதே பதில். 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்திய செவ்ரோலே இன்னும் நம் தெருக்களில் ஓடுகிறது.

ஸ்பேரே இல்லாத ஊரில் கார் எப்படி ஓடியது என்று பார்க்க யாழ்ப்பாணம் போதும். 1990-களின் போர்க்காலத்தில், பொருளாதாரத் தடையில் பெட்ரோல் கிடைக்காதபோது, ஆஸ்டின் ஏ40-யையும் மொரிஸ் மைனரையும் அங்குள்ள நம்மவர்கள் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சில துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நோயாளியும் மூட்டையும் அந்த வண்டிகளில்தான் போயின. போர் முடிந்த பிறகும் அவற்றில் பல யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடின. பின்பு 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியபோது, 2025 பிப்ரவரியில் தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறக்கும் வரை, அந்த நாடே இருந்த கார்களைப் பேணித்தான் ஓடியது. மறுகோடியில் அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியர், 1966-ல் வாங்கிய ஒரே வோல்வோ காரை 2013-க்குள் 30 லட்சம் மைல் ஓட்டினார். நம் கணக்கில் ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். கையேட்டில் போட்டதைப் போட்ட நேரத்தில் செய்தார், அவ்வளவுதான்.

இதையெல்லாம் சொல்லும்போது அரசின் பக்கமும் ஒரு கேள்வி வைக்க வேண்டியிருக்கிறது. 15 வருஷமான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டியதற்கு 10,000 ஆனது. புகை விடாத, பிரேக் பிடிக்கிற, அக்கறையாக வைத்திருந்த காருக்கும் அதே தொகை. அரைகுறை வண்டிக்கும் அதே தொகை. பேணியவருக்கு இதில் என்ன மரியாதை? நம் வட்டாரத்து லாரிக்காரர்களுக்குப் பழகிய முறையைக் காருக்கும் கொண்டுவாருங்கள். எட்டு வயதான லாரி வருஷா வருஷம் நிற்கிற வரிசையில் எட்டு வயதான காரும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறையாவது நிற்கட்டும். பிரேக்கைப் பாருங்கள், புகையைப் பாருங்கள், டயரின் தேதியைப் பாருங்கள். தேறாததை அன்றே ஓரங்கட்டுங்கள், அது எட்டு வருஷ வண்டியாக இருந்தாலும் சரி. தேறியதற்கு இருபது வயதானாலும் பழைய 600 ரூபாயே போதும்.